அறுபத்து மூன்று பேரும் ஒரு கறுப்புத் திரையும்

அன்று காலை ஆறு மணிக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவையாவது நானே தனியாக எடுப்பது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்ப்பு இல்லை. எதிர்க்கட்சி குளித்துக்கொண்டிருந்தது.

முடிவு பெரிய முடிவல்ல. என் கணினியில் ஓடுவது லினக்ஸ். அதற்கு முதலாளி கிடையாது. உலகமெங்கும் உள்ள உழைப்பாளிகள் கூடிச் செய்து, எல்லோருக்கும் பொதுவில் வைத்தது. அதற்காகவே அதை வைத்திருக்கிறேன். அந்தக் கணினி ஒரு வாரமாகத் தினமும் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, மேம்படுத்தலாமா என்று கேட்டது. நான் பொத்தான் பக்கம் விரலைக் கொண்டுபோகும்போதெல்லாம் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்கும்.

"கூட்டம் முடியற வரைக்கும் அதைத் தொடாதீங்க."

"ஏன் தொடக் கூடாது?"

"நல்லா ஓடிக்கிட்டிருக்குல்ல? அதனாலதான்."

நன்றாக ஓடுவதை அப்படியே விடு என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவளல்ல. ஆலை நிர்வாகம் இருபது வருடம் அதைத்தான் சொன்னது. நிர்வாகம் சொல்லியே நான் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் முத்திரை குத்துகிறவள் சொல்லியா கேட்பேன்?

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலையில் நாற்பத்தோரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் முப்பதாம் ஆண்டு விழா அன்று மாலை ஐந்து மணிக்கு. சிறப்புரை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? முப்பத்தெட்டாம் நாள் வந்து சேர்ந்த ஒருவருக்கு. முதல் நாளே வாயிற்கதவின் மேல் ஏறி நின்று பேசிய எனக்குக் கொடுத்தது நன்றியுரை. நன்றியுரை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பாதிக் கூட்டம் எழுந்து குடையைத் தேடும். மைக்செட்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார். அந்த ஓசைக்கு நடுவே ஒருவன் நின்று எதையோ முணுமுணுப்பான். அதற்குப் பெயர் நன்றியுரை.

முடியாது என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத ஒரு கேள்வி வந்து நின்றது. நாற்பத்தோரு நாள் முந்நூறு குடும்பம் எப்படிச் சாப்பிட்டது? என் பேச்சையா சாப்பிட்டது? விடியும் முன் வாசலில் பாலை வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போன பால்காரம்மா ஒருத்தி இருந்தாள். பேச்சுவார்த்தைக்குப் போகிறவன் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரிப் போகக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் சும்மாவே சவரம் செய்துவிட்ட சலூன்காரர் இருந்தார். எங்கள் பிள்ளைகளைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பரீட்சைக்குத் தயார் செய்த டீச்சர் இருந்தார். போராட்டம் ஜெயித்தது. மாலை போட்டார்கள், எங்களுக்கு. இவர்களுக்கு முப்பது வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடிதத்தைக் கிழித்தேன். இரண்டு மாதம் தெருத் தெருவாக அலைந்தேன். யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுக் கேட்டுச் சீட்டில் எழுதினேன். அறுபத்து மூன்று பேர். அத்தனையையும் கணினியில் ஏற்றினேன். ஏற்றி முடித்த பெருமையில் சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். அறுபத்து மூன்று பேரும் அன்று மாலை முன்வரிசைகளில் உட்காரப் போகிறார்கள். அவர்கள் யாரையும் விட்டுவிடாமல் கொடுத்தவர்கள். நானும் ஒருவரையும் விட்டுவிடாமல் சொல்லியாக வேண்டும். பட்டியல் இருப்பது ஒரே இடத்தில்தான். அந்த இடத்தைத்தான் அன்று காலை ஆறு மணிக்கு மேம்படுத்தினேன்.

மேம்பாடு சிறப்பாக நடந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஊர்வலம் போல அணி அணியாகப் போயின. எனக்குப் பழைய நாள் ஞாபகம் வந்தது. முடிந்ததும் கணினி தானாக அணைந்து எழுந்தது. ஆனால் வழக்கமான முகப்பு வரவில்லை. எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. கொடுத்தேன். பிறகு முகப்பைத் திறக்கச் சொல்லிக் கட்டளை இட்டேன். கட்டளைக்கு முன்னால் 'சுடோ' என்று சேர்த்தேன்.

சுடோ என்பது லினக்ஸில் ஒரு சொல். அதை முன்னால் போட்டால் அந்தக் கட்டளையை நீ இடுவதாக ஆகாது. கணினியின் முழு அதிகாரமும் உள்ள ரூட் என்கிறவர் இடுவதாக ஆகும். ரூட் சொன்னால் கணினி மறுபேச்சுப் பேசாது. எதற்கும் சுடோ போடுவது என் வழக்கம். வேண்டுகோள் வைக்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

முகப்பு வந்தது. பட்டியல் இருந்தது. அறுபத்து மூன்று பேரும் நலம். எதிர்க்கட்சியின் ஆரூடம் பொய்த்தது என்று மனதுக்குள் ஒரு முழக்கம் போட்டேன். கணினியை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டேன். இந்தத் தடவை அழகான உள்நுழைவுத் திரையே வந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திரை ஒரு நொடி கறுத்தது. திரும்ப அதே உள்நுழைவுத் திரை.

மறுபடி கொடுத்தேன். கறுப்பு. மறுபடி அதே திரை.

கடவுச்சொல் தவறு என்று சொன்னால் சண்டை போடலாம். இது அப்படிச் சொல்லவில்லை. வாங்க என்று மரியாதையாகக் கதவைத் திறக்கிறது. உள்ளே கூட்டிக்கொண்டு போகிறது. பின்கதவு வழியாக வெளியே விடுகிறது. எனக்கு இந்த முறை பழக்கமானதுதான். தொழிலாளர் நல அதிகாரி ஒருவர் எங்களை ஆறு மாதம் இப்படித்தான் நடத்தினார். அவர் மனுவையாவது வாங்கி வைத்துக்கொண்டார்.

பதினேழு முறை முயன்றேன். மணி ஒன்பது. பின்னால் காலடிச் சத்தம்.

"என்ன, திரையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"பேச்சை மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கறேன்."

"பட்டியலைத் திறந்து வச்சுக்கிட்டு ஓட்டலாமே."

"எனக்கு எதுக்குப் பட்டியல்? அறுபத்து மூணு பேரும் இங்க இருக்காங்க." நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்படியா. பத்தொன்பதாவது ஆள் யாரு?"

"இது என்ன விசாரணைக் கமிஷனா?"

"சும்மா கேட்டேன் தோழர்."

அவள் என்னைத் தோழர் என்று கூப்பிட்டால் நல்லதற்கு அல்ல. எங்கள் கல்யாணத்தன்று ஒரு தடவை மரியாதையாகக் கூப்பிட்டாள். அதன்பிறகு கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏதோ ஒன்று போயிருக்கிறது. ஒரு தடவை சிகரெட். ஒரு தடவை என் தம்பியின் மோட்டார் சைக்கிள்.

அவள் துணி காயப்போட மாடிக்குப் போனதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். பக்கத்துத் தெருவிலேயே கணினி பார்க்கிற ஆள் இருக்கிறார். அவரிடம் போகவில்லை. தலைமறைவாக இருந்த காலத்தில் கற்ற பாடம் அது. நம்மைத் தெரிந்தவன் வாயால்தான் செய்தி வீடு வந்து சேரும். நாலு தெரு தள்ளி, எங்களை யாரென்றே தெரியாத ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கணினி பழுது பார்க்கப்படும் என்று பலகை இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். பின்வாசல் வழியாகவே அவரைக் கூட்டி வந்தேன்.

"ஏன் சார் இந்த வழியா வரோம்?"

"முன்பக்கம் வெயில்."

உட்கார்ந்தார். கடவுச்சொல்லை அடிக்கச் சொன்னார். கறுத்தது. திரும்பியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் கறுத்தது.

"லினக்ஸா சார். நான் மத்ததெல்லாம் பாப்பேன். இதுல கொஞ்சம் மட்டு."

"பலகையில அப்படிப் போடலையே."

"கவலைப்படாதீங்க. எனக்கு ஒரு அக்கா இருக்காங்க. லினக்ஸ்ல புலி. எங்க கடைக்குப் பின்தெருவுல நூலகம் இருக்குல்ல, அங்க பன்னிரண்டு கம்ப்யூட்டரையும் அவங்கதான் பாத்துக்கிறாங்க. நான் மாட்டிக்கிட்டா அவங்களுக்குத்தான் போன் போடுவேன்."

நூலகம் என்ற சொல் என் காதில் விழுந்தது. மனதில் விழுவதற்குள் அவர் எண்ணை அழுத்திவிட்டார்.

எங்கள் சமையலறையில் போன் அடித்தது.

"அக்கா, நான்தான். ஒரு வீட்டுல வந்து மாட்டிக்கிட்டேன்."

"சொல்லுங்க தம்பி." அந்தக் குரல் போனிலும் வந்தது. சுவர் வழியாகவும் வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"லாகின் ஆக மாட்டேங்குது அக்கா."

"பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுதா, இல்ல உள்ள போயிட்டு வெளியே வருதா?"

"போயிட்டு வருது."

"சமீபத்துல அப்கிரேடு பண்ணாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பண்ண மாதிரிதான் தெரியுது அக்கா."

"அந்தக் கம்ப்யூட்டர்க்காரர் எப்படி? எதுக்கெடுத்தாலும் அதிகாரம் பண்ற ஆளா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பார்த்தா அப்படித்தான் இருக்கார்."

"வெள்ளை மீசையா? சட்டைப் பையில ரெண்டு பேனா?"

"ஆமாக்கா. எப்படிக்கா?"

"இருங்க, வரேன்."

"வழி சொல்லட்டுமா அக்கா?"

"வேணாம் தம்பி." போனைக் காதில் வைத்தபடியே அறை வாசலில் வந்து நின்றாள். "வந்துட்டேன்."

ஜெராக்ஸ் கடைக்காரர் எழுந்து நின்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"சொல்லுங்க தோழர். என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல. அதுவாத்தான்."

"அதுவா அப்கிரேடு ஆகாது. யாராவது சரின்னு அழுத்தணும்."

"ஜனநாயக முறையில முடிவெடுத்துத்தான் அழுத்தினேன்."

"யார் யார் இருந்தாங்க?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீபோர்டில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். அந்த அழகான திரை போய்க் கறுப்புத் திரை வந்தது. என்னைக் கடவுச்சொல் அடிக்கச் சொன்னாள். உள்ளே விட்டது. ஏதோ ஒரு வரி அடித்தாள். கோப்புகள் வரிசையாக வந்தன. விரலை வைத்து ஒரு வரியைக் காட்டினாள்.

"முகப்பைத் திறக்கறதுக்கு சுடோ போட்டீங்களா?"

"போட்டேன். அதனால என்ன? எல்லாத்துக்கும் போடுவேன்."

"நீங்க உள்ள வரும்போது காட்டறதுக்கு ஒரு அனுமதிச் சீட்டு உண்டு. அதை உங்க பேர்ல எழுதாம ரூட் பேர்ல எழுதிட்டீங்க. இப்ப நீங்க நீங்களா வந்து நின்னா, சீட்டு உன்னுது இல்லையே, போயிட்டு வான்னு அனுப்புது." என் பக்கம் திரும்பினாள். "நாப்பது வருஷம் முதலாளி ஒழிகன்னு கத்தினீங்க. இன்னைக்கு நீங்களே முதலாளி வேஷம் போட்டு உள்ள போயி, சொந்த வீட்டுச் சாவியை முதலாளி பேர்ல எழுதி வச்சுட்டு வந்திருக்கீங்க."

என்னை இதுவரை நாலு நீதிபதிகள் கண்டித்திருக்கிறார்கள். ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"சரி பண்ணிடலாமா?" என்றேன். "அறுபத்து மூணு பேரும்மா. அவங்க வந்து முன்னால உக்காந்திருப்பாங்க. எனக்குப் பாதிப் பேர்கூட ஞாபகம் இல்ல."

அவள் கீபோர்டின் பக்கம் திரும்பினாள். பிறகு ஒரு வரி அடித்தாள். ரூட்டின் பேரில் இருந்ததை என் பேருக்கு மாற்றுகிற கட்டளை. இனி எண்டர் விசையைத் தட்ட வேண்டியதுதான். தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன?"

"வேலைநிறுத்தம்."

"என்னது?"

"மூணு கோரிக்கை இருக்கு. ஒண்ணு, ரூட் பாஸ்வேர்டு இனிமே என்கிட்ட. ரெண்டு, நீங்க சுடோ போட வேணும்னா என்கிட்ட எழுதிக் கேக்கணும். மூணு, அடுத்த அப்கிரேடு நான் சொல்ற அன்னைக்கு."

முப்பது வருடப் பேச்சுவார்த்தை அனுபவம் உள்ளவன் நான். நிதானமாக ஆரம்பித்தேன்.

"முதல் கோரிக்கையைக் கொள்கை அளவுல ஏத்துக்கறேன். மத்த ரெண்டையும் ஒரு குழுவுக்கு அனுப்பலாம்."

"குழுவுல யார் யாரு?"

"நீயும் நானும்."

"அப்ப குழு கூடியாச்சு. ஓட்டெடுப்பு விடலாம்."

"ஒண்ணுக்கு ஒண்ணு. சமம். தீர்மானம் தோல்வி." நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, நீங்க?"

"நான் அக்கா பக்கம்," என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"வெளியாளுக்கு ஓட்டு கிடையாது," என்றேன்.

"அவரை உள்ள கூட்டிட்டு வந்தது யாரு?"

ஒரு காகிதம் எடுத்தாள். மூன்று கோரிக்கையையும் எழுதினாள். எழுத்துப் பிழை ஏதாவது இருந்தால் அதை வைத்தாவது இழுத்தடிக்கலாம் என்று பார்த்தேன். இல்லை. கையெழுத்துப் போட்டேன். சாட்சியாக ஜெராக்ஸ் கடைக்காரர் போட்டார். எண்டரைத் தட்டினாள். உள்நுழைவுத் திரைக்குத் திரும்பி, கடவுச்சொல்லை அடிக்கச் சொன்னாள்.

திரை கறுத்தது. முகப்பு வந்தது. நின்றது.

பட்டியலைத் திறந்தேன். பால்காரம்மா இருந்தாள். சலூன்காரர் இருந்தார். டீச்சர், சைக்கிள் கடைக்காரர், சுவரொட்டி ஒட்டப் பசை காய்ச்சிக் கொடுத்த கிழவர், காவலர்கள் வந்தபோது எங்களைத் தன் அறையில் ஒளித்து வைத்த மருத்துவச்சி, எல்லோரும் இருந்தார்கள். திரையில் எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். அப்போதும் கலங்கித்தான் தெரிந்தது.

ஜெராக்ஸ் கடைக்காரர் போனார், முன்வாசல் வழியாக. அவள் கூட்டத்துக்குப் புறப்பட அடுத்த அறைக்குப் போனாள். நான் பட்டியலின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அறுபத்து மூன்றுக்குக் கீழே இடம் வெறுமையாக இருந்தது.

அந்த நாற்பத்தோரு நாளும் ஒவ்வொரு இரவும் நான் ஒரு துண்டறிக்கை எழுதினேன். நான் படித்த பள்ளிக்கூடமே துண்டறிக்கைதான். கோபம் நிறைய இருக்கும், ஒற்றெழுத்து இருக்காது. அதையெல்லாம் திருத்தியவள் அவள். நகலெடுக்க ஸ்டென்சில் வெட்டியதும் மை உருளையை உருட்டியதும் அவள்தான். காலையில் விரலில் ஒட்டிய மையோடு வேலைக்கும் போனாள். அவள் சம்பளத்தில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. எல்லாத் துண்டறிக்கையின் அடியிலும் என் பெயர் இருந்தது. இரண்டு மாதம் ஊரெல்லாம் அலைந்து நன்றிக்கு உரியவர்களைத் தேடிய நான் அடுத்த அறையைப் பார்க்கவில்லை.

இதைப் பட்டியலில் எழுதவில்லை. மேடையில் சொல்வதென்று முடிவு செய்தேன். தனியாக எடுத்த முடிவு. பட்டியலை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத ஒன்றை அவளுக்குக் கொடுக்கப் போகிறேன். அவள் எதிர்பார்க்கவே முடியாதது. அந்த ஒரு விஷயத்திலாவது நான் முந்திக்கொள்வேன்.

மண்டபத்தின் வாசலில் ஒரு தொண்டர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். பார்த்தேன். 'நாற்பத்தோரு நாளும் நம்மைத் தாங்கியவர்கள்' என்று தலைப்பு. கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று என் பட்டியல். திருத்தமான எழுத்தில், ஒரு பிழை இல்லாமல். பால்காரம்மா தன் தாளைப் பேத்தியிடம் காட்டி, தன் பெயரின் மேல் விரலை வைத்திருந்தாள்.

மனைவியின் பக்கம் திரும்பினேன்.

"இது எப்ப அடிச்சது?"

"நேத்து. நூலகத்துல."

"உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நேத்து மத்தியானம் திறந்து வச்சுட்டுத் தூங்கினீங்க. பென் டிரைவ்ல எடுத்துக்கிட்டேன். ஒரு வாரமா அந்தப் பெட்டியையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. இன்னைக்கு அழுத்தாம விடமாட்டீங்கன்னு தெரியும்."

"அப்ப காலையிலேயே பட்டியல் உன்கிட்ட இருந்துச்சா?"

"கைப்பையில இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

கோபம் வர வேண்டும். வரவில்லை. முன்வரிசைகளில் அறுபத்து மூன்று பேரும் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயரைச் சொன்னால் காற்றோடு போகும். தாளில் இருந்தால் வீட்டுக்குப் போகும். எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நன்றியோடுதான் மேடை ஏறினேன்.

சிறப்புரை ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் குடையைத் தேடவில்லை. மைக்செட்காரரும் ஒயரை விட்டுவிட்டுத் தன் தகப்பனின் பெயருக்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஒவ்வொருவரும் எழுந்து நின்றார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகே அடுத்த பெயரைச் சொன்னேன். அறுபத்து மூன்று முடிந்தது. தாளை மடித்து மேசையில் வைத்தேன். ஒரு நீண்ட இடைவெளி விட்டேன். என் இடைவெளிகளுக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர் உண்டு.

"அறுபத்து நான்காவதாக ஒருவர் இருக்கிறார்," என்றேன். "எந்தப் பட்டியலிலும் இதுவரை இடம்பெறாதவர். இந்த நிமிடம் வரை அவருக்கே தெரியாது."

பால்காரம்மா முன்வரிசையிலிருந்து தாளைத் திருப்பி உயர்த்திக் காட்டினாள்.

"இருக்கு தோழர். பின்பக்கம் பாருங்க, அறுபத்து நாலுன்னு உங்க வீட்டம்மா பேரை அச்சடிச்சுப் போட்டிருக்காங்க."